குரல்வாங்கியின் ஒற்றைப் பல்

மார்ச் 3, திங்கள்

பாப்பாவுக்கு நாளை மறுநாள் ஏழு மாதம். இன்னும் ஒரு பல் கூட இல்லை. ஈறைத் தடவிப் பார்த்தேன், காலையில் இரண்டு முறை, மத்தியானம் நான்கு முறை. ஒரு வயது வரைக்கும் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கென்ன.

ராகிக்கூழ் ஊட்டிக்கொண்டிருக்கும்போது அன்னூரிலிருந்து கீதா நங்கை போன். வீட்டுக்காரருடைய அக்கா. "டிவியப் போடு கண்ணு, நம்ம மதன் வாரான்" என்றார். நங்கைக்கு மதன்குமார் என்றால் உயிர். கோயமுத்தூர்ப் பையன், இரண்டே படத்தில் பெரிய ஆள் ஆகிவிட்டான், அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடுகிறான். வேறென்ன வேண்டும்.

போட்டேன். பேட்டியில் அழுதுகொண்டிருந்தான். "காலேஜ்ல எடுத்த குறும்படந்தாங்க என்னை இங்க கொண்டாந்து நிறுத்துச்சு. அதுல ஒவ்வொரு காட்சியும் முன்னாடியே நானே உட்கார்ந்து வரைஞ்சு வெச்சேன்."

கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. பாப்பா வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

அறுபத்து நான்கு படங்கள். நான் வரைந்தவை. கதையும் என்னுடையது. எட்டு வருடத்துக்கு முன்னால், நான் இரண்டாம் வருடம், அவன் கடைசி வருடம். சென்னையில் பரிசு வாங்கிய அன்றுதான் பார்த்தேன், திரையில் என் பெயரே இல்லை. கேட்டதற்கு என்ன சொன்னான்? "உன் பேரப் போட்டா காலேஜ்ல தப்பாப் பேசுவாங்க நந்து. எல்லாம் உன் நல்லதுக்குத்தான்." அதற்குப் பிறகு என் போனை அவன் எடுக்கவில்லை.

என் நல்லதுக்கு.

"எப்படி அழுவுறாம் பாரு, பச்சப் புள்ள" என்றார் நங்கை. "ஆமாங்க" என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

மின்னல் மாரப்பனைப் படமாக எடுக்கப்போகிறார்களாம். அந்தப் பழைய காமிக்ஸை இந்த ஊரில் இன்னும் நூறு பேராவது ஞாபகம் வைத்திருப்பார்களா என்று நினைத்தால், ஃபேஸ்புக்கில் ரசிகர் குழுவில் ஒன்பதாயிரம் பேர். எல்லோரும் யாருக்கு எந்த வேஷம் என்று நடிகர்களின் படங்களை வெட்டி ஒட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஃபேன் காஸ்டிங் என்று பெயர். மாரப்பனுக்கு முப்பது பேர். இரும்புக்கை ஜமீனுக்கு ஐம்பது பேர்.

குரல்வாங்கியை ஒருவரும் நினைக்கவில்லை. நினைக்க மாட்டார்கள். மூன்றே இதழில் வந்து செத்துப்போன சின்ன வில்லன், மூக்கு வரைக்கும் துண்டு கட்டினவன். ஆளின் தொண்டையில் விரலை வைத்தால் அவர்கள் குரல் போய்விடும். அப்புறம் அவர்கள் குரலிலேயே இவன் பேசுவான், இவன் பாடுவான், கைதட்டு வாங்குவான். பறிகொடுத்தவர்கள் கூட்டத்தில் நின்று வாயை அசைத்துக்கொண்டிருப்பார்கள்.

எட்டாம் வகுப்பில் உக்கடம் பழைய புத்தகக் கடையில் முதல் இரண்டு இதழையும் வாங்கினேன். கல்யாணத்துக்கு நகையோடு சேர்த்து எடுத்துவந்தது அதைத்தான்.

மார்ச் 11

குரல்வாங்கி யார் என்று எனக்குத் தெரியும். எந்தக் காலேஜில் படித்தான் என்றும் தெரியும்.

மார்ச் 14, வெள்ளி

வரைந்துவிட்டேன். மூன்று நாள், பாப்பா தூங்கும் நேரமெல்லாம். கை முதலில் மறந்தேபோயிருந்தது. மூக்கைப் போட்டதும் எல்லாம் வந்துவிட்டது. எட்டு வருடமாக அந்த முகத்தை நான் மறக்கவே இல்லை போலிருக்கிறது. அதை நினைத்தால்தான் பத்திக்கொண்டு வருகிறது.

துண்டைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டேன். இந்தச் சிரிப்பை எல்லோரும் பார்க்க வேண்டும். வாய்க்குள் என்ன வரைவது என்று யோசித்தபோது பாப்பா என் விரலை வெறும் ஈறில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு பல் போட்டேன். மேல் வரிசையில், இடது பக்கம். பல்லில்லாத வாயில் ஒற்றைப் பல். பார்த்ததும் நானே தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

பின்பக்கம் தேதி. அது காலேஜ் பழக்கம். மூலையில் ராகிக்கூழ் சிந்திவிட்டது. இருக்கட்டும்.

"யாரு அம்மணி இது, திருட்டுப்பய மாதிரி?" என்றார் இவர், மோட்டார் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டே.

"ஒரு நடிகருங்க."

"நல்லா இருக்குது. ஆனா பாப்பா கண்ணுல காட்டிப்போடாத."

குழுவில் 'கரித்துண்டு' என்ற பெயரில் போட்டேன். என் பெயர் வேண்டாம். "மதன்குமார், குரல்வாங்கியாக." அவ்வளவுதான் எழுதினேன்.

மார்ச் 17, திங்கள்

நாலாயிரம் பேர் பகிர்ந்திருக்கிறார்கள்!

"இவ்வளவு நாள் இந்த மூஞ்சில என்னமோ இடிச்சுதே, இதுதான்" என்று ஒருவர். "இனிமே இவன் காதல் வசனம் பேசினா இந்தப் பல்லுதான் ஞாபகம் வரும்" என்று இன்னொருவர். பாத்திரம் கழுவுகிறேன், போய்ப் பார்க்கிறேன். துணி காயப்போடுகிறேன், போய்ப் பார்க்கிறேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

அந்தப் படத்தையே நங்கை எனக்கு அனுப்பியிருக்கிறார். கூடவே குரல் பதிவு: "பாரு கண்ணு, எந்தப் பொழப்பத்த நாயோ நம்ம பையன இப்பிடி வரஞ்சு வெச்சிருக்குது. கை வெளங்குமா அதுக்கு?"

இரண்டு தரம் கேட்டேன். "பாவமுங்க" என்று பதில் போட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இல்லை. இப்படி ஆகக்கூடாது.

இன்று காலை படக்கம்பெனி அறிவித்துவிட்டது. மதன்குமார், குரல்வாங்கியாக. போஸ்டர்: துண்டு தாடைக்குக் கீழே. தலை அதே சாய்வு. மேல் வரிசை, இடது பக்கம், ஒற்றைப் பல். நான் போட்ட பல்! கழுத்தில் நான் போட்ட மடிப்பு கூட அப்படியே இருக்கிறது.

"முதல் முறையாக வில்லன்! துணிச்சலான முடிவு!" என்று ஊரே அவனைக் கொண்டாடுகிறது. அசிங்கப்படுத்த வரைந்தேன். அதை மாலையாகக் கட்டிப் போட்டுக்கொண்டான். எத்தனை தடவைடா எடுப்பே?

கம்பெனிப் பக்கத்துக்கு மூன்று செய்தி அனுப்பினேன். பார்த்திருக்கிறார்கள். பதில் இல்லை.

இவரிடம் எல்லாம் சொன்னேன். குறும்படமும் சேர்த்து. கேட்டுவிட்டுப் போஸ்டரைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "உட்டுத்தள்ளு அம்மணி. அவன் சினிமாக்காரன். நாம மோட்டாரு காயில் கட்டறவங்க."

"நான் காயில் கட்டலீங்களே. நான் படம் வரையறவ."

பாப்பாவுக்கு உடம்பு சுடுகிறது. நூறு. பல் வருவதாலா, என் கோபம் பாலில் இறங்கிவிட்டதா? இப்படியெல்லாம் கூட நினைப்பேனா நான்?

ஏப்ரல் 14

சித்திரைக் கனி வைத்தேன். தட்டில் இருந்த கண்ணாடியில் என் முகம் நன்றாக இல்லை. காய்ச்சல் விட்டுவிட்டது. பல் இல்லை.

மே 4, ஞாயிறு

முதலில் இருந்து எழுதுகிறேன்.

நங்கை வந்திருந்தார். சாப்பாடு முடிந்து டிவி முன்னால் உட்கார்ந்தோம். மதன்குமார் பேட்டி. இந்த வேஷம் எப்படி அமைந்தது என்று கேட்டார்கள். அவன் பழையபடி தலையைக் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு:

"உடுமலைப்பேட்டைல எங்க மாமா ஊட்ல அந்த மூணு புக்கும் இருந்துச்சுங்க. ஏழெட்டு வயசு எனக்கு. குரல்வாங்கி துண்ட எறக்கிட்டு சிரிப்பான் பாருங்க, அந்த ஒத்தப் பல்லு, அதப் பாத்துட்டு ஒரு வாரம் காய்ச்சல்ல கெடந்தேன். நானேதான் டைரக்டர்கிட்டப் போயி, இந்த வேஷம் எனக்கு வேணும், அந்தப் பல்லு கண்டிப்பா வேணும்னு நின்னேன்."

"அச்சச்சோ, காய்ச்சலே வந்துருச்சாமா" என்றார் நங்கை.

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். முதலில் ஆத்திரம்தான். குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அப்புறம் மெதுவாக, கால் விரலில் இருந்து ஏறுகிற மாதிரி, சிரிப்பு வந்தது.

குரல்வாங்கி துண்டை இறக்கவே மாட்டான். அவன் வாயைக் காமிக்ஸில் ஒருவரும் பார்த்ததே கிடையாது. கண்ணும் துண்டும்தான். அந்தப் பல் மார்ச் மாதம் இந்த வீட்டில் பிறந்தது. என் மகளின் ஈறைப் பார்த்து நான் போட்டது.

அவன் புத்தகத்தைத் திறந்தே பார்க்கவில்லை. என் படத்தைத்தான் பார்த்தான். அதை ஊருக்கு முன்னால், தன் வாயாலேயே சொல்லிவிட்டான்.

மே 5

நில். மூன்றாவது இதழை நான் படித்ததே இல்லை. என்னிடம் இருப்பது முதல் இரண்டுதான். மூன்றாவதில்தான் அவன் சாகிறான். சாகும்போது துண்டு விழுந்திருந்தால்? பல் தெரிந்திருந்தால்? ஒரு பல், தற்செயலாக?

நான் பாட்டுக்குப் பதிவு போட்டு, அவன் அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினால், முடிந்தது. பொறாமை பிடித்தவள் என்று ஊர் சிரிக்கும்.



மே 6

குழுவில் தேடினேன். மூன்றாவது இதழ் ஒரே ஒருவரிடம் இருக்கிறது. ரம்ஜான் பீவி, பவானி. ஆஸ்பத்திரி லேப்பில் ரத்தம் எடுக்கிற வேலை. தொள்ளாயிரம் காமிக்ஸ் வைத்திருக்கிறாராம். போன் செய்து, கரித்துண்டு நான்தான் என்றேன்.

"போட்டோவெல்லாம் எடுத்து அனுப்ப மாட்டேன் கண்ணு. அனுப்புனா மறுநாளே எவனாச்சும் அச்சடிச்சு விக்கறான். நேர்ல வா. கையக் கழுவிட்டுத் தொடு."

"எட்டு மாசக் கொழந்தை இருக்குதுங்க்கா. ஒன்பதே ஆயிருச்சு."

"கூட்டிட்டு வா. அதுவும் கையக் கழுவட்டும்."

மே 10, சனி

பவானிக்குப் போய்வந்தேன். இவரும் வந்தார், பட்டறைக்கு அரைநாள் லீவு விட்டுவிட்டு. வழியெல்லாம் பாப்பாவை அவரே மடியில் வைத்துக்கொண்டார்.

ரம்ஜான் பீவி அக்கா வீட்டில் ஒரு அறை முழுக்க இரும்பு பீரோ. மூன்றாவது இதழை பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து ஜமக்காளத்தின்மேல் வைத்தார், ஊசி போடுகிற கவனத்தோடு. பக்கம் பக்கமாகத் திருப்பினார். கிணற்றுச் சண்டை, துண்டு இருக்கிறது. மாரப்பன் எறிந்த கயிறு, இருக்கிறது. விழுகிறான். அடுத்த பக்கம்.

செத்துக் கிடக்கிறான். முகம் வானத்தைப் பார்த்து. மூக்கு வரைக்கும் துண்டு.

"நீ வரைஞ்சதப் பாத்தப்பவே எனக்குக் கோவம்" என்றார் அக்கா. "இவ எதுக்குத் துண்ட எறக்குனான்னு. அப்புறம் அந்தப் பல்லப் பாத்தேன். சரி, இவளுக்கு யாரு மேலயோ காண்டு, போகட்டும்னு உட்டேன்."

கடைசிப் பக்கத்தில் வாசகர் கடிதம் இருந்தது. திருப்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்: குரல்வாங்கியின் வாயை எப்போது காட்டுவீர்கள்? ஆசிரியர் பதில்: "துண்டை இறக்கினால் அவன் கதை முடிந்துவிடும், நண்பரே."

நான் அழுதுவிட்டேன். அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, புத்தகத்தைத் தள்ளி வைத்தார், நனைந்துவிடப் போகிறது என்று. பிறகு அவரே என் போனை எடுத்துக் கொடுத்து, "போட்டோ எடுத்துக்க. எல்லாப் பக்கமும் எடு" என்றார்.

மே 13, செவ்வாய்

எல்லாம் தயார். மூன்று இதழிலும் சேர்த்து அவன் வருகிற கட்டங்கள் அறுபத்தொன்று. அறுபத்தொன்றிலும் துண்டு. கடைசியில் என் படம், பின்பக்கத் தேதி, ராகிக்கூழ்க் கறை.

இவர் வேண்டாம் என்கிறார். "அவனுக்கு ஆளுக நெறயா. பாப்பா போட்டோவத் தேடி எடுத்து என்னமாச்சும் செஞ்சுபோட்டா? போடறதுன்னாலும் அந்தக் கரித்துண்டு பேர்லயே போடு. உன்ற பேரு வேண்டாம். தப்பாப் பேசுவானுக."

அவர் பயந்து சொன்னதுதான். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் எட்டு வருடத்துக்கு முன் மதன் சொன்ன அதே வார்த்தைகள். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, எழுந்து போய்விட்டேன்.

பாப்பா போட்டோக்களை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டேன். மூன்று மணி நேரம் ஆனது.

மே 14, புதன்

போட்டுவிட்டேன். என் பெயரில். நந்திதா கிருபாசங்கர், கணபதி, கோயமுத்தூர்.

ஒரே வரிதான் எழுதினேன், மரியாதையாக: "அண்ணா, உங்களுக்குக் காய்ச்சல் வரவெச்ச அந்தப் பல்லு எந்தப் பக்கத்துல இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க."

மே 17, சனி

எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்? எந்தப் பக்கம்?

அவன் போட்டோ எது வந்தாலும் கீழே அதுதான். பழைய புத்தகக் கடை திறப்பு விழா ஒன்றில் அவனைப் பேசக் கூப்பிட்டிருந்தார்களாம். பாவம், மைக்கைப் பிடித்ததும் முன் வரிசையில் ஒரு அம்மா, "எந்தப் பக்கமுங்க தம்பி?" என்று கேட்டுவிட்டதாம்.

என்னையும் திட்டினார்கள். என் முகத்தை, என் சேலையை, என் புருஷனை. எல்லாவற்றையும் படித்தேன். வலித்தது. அதற்கு மேல் ருசித்தது.

நங்கை இன்னும் பேசவில்லை.

மே 21, புதன்

கூப்பிட்டான்.

"நந்து, நான்தான்."

"யாருங்க?"

"மதன்."

"சொல்லுங்கண்ணா."

"நீ இப்பிடிப் பண்ணுவேன்னு நெனைக்கல. ஒரு போன் பண்ணியிருந்தா பேசி முடிச்சிருக்கலாமில்ல?"

"எட்டு வருசத்துக்கு முந்தி பண்ணுனேனுங்களே. நீங்க எடுக்கலீங்க."

"எங்கம்மா கோயிலுக்குப் போனா அர்ச்சனைச் சீட்டுக் குடுக்கறவன் கேக்கறான், எந்தப் பக்கம்னு. அவங்க என்ன பாவம் பண்ணுனாங்க?"

அங்கே ஒரு நொடி ஆடிவிட்டேன். அந்த அம்மா எனக்கும் ஒரு தடவை தயிர்சாதம் கட்டிக் கொடுத்திருக்கிறார். ஆனால் அவன் உடனே, "உனக்கு என்னதான் வேணும்? எவ்வளவு வேணும்?" என்றான். சரியாகிவிட்டேன்.

"குறும்படத்துல என்ற பேரு வேணும். கதை, படங்கள், ரெண்டுக்கும்."

"அதப் போட்டா இந்தப் பதிவ எடுத்துருவியா?"

"பாக்கலாங்கண்ணா."

ஜூன் 8, ஞாயிறு

இன்று அந்தக் குறும்படத்தைத் திறந்தேன். கீழே விவரத்தில்: கதை, காட்சிப் படங்கள் — நந்திதா. சத்தமில்லாமல் போட்டிருக்கிறான்.

இவரிடம் காட்டினேன். தன் பெயர் போல இரண்டு தரம் படித்தார். பக்கத்துப் பட்டறை வெங்கடபதிக்கு உடனே அனுப்பினார். பிறகு, "அவந்தான் போட்டுட்டான்ல? நீயும் எடுத்துரு அம்மணி. போதும்."

"நாளைக்கு எடுக்கறேனுங்க."

ஜூன் 9

எடுக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

மாரப்பன் படத்தில் குரல்வாங்கி கிடையாதாம். கதையை மாற்றிவிட்டார்களாம். மதன்குமாரும் இல்லை.

ரம்ஜான் பீவி அக்கா போன். "நம்மாளு முப்பத்தஞ்சு வருசம் கழிச்சு வெளிய வரப் பாத்தான். உங்க சண்டைல மறுக்காவும் செத்துப்போயிட்டான் கண்ணு." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

வருத்தமா எனக்கு? கொஞ்சம். பதிவை எடுக்கும் அளவுக்கு இல்லை.

ஜூலை 6, ஞாயிறு

பல்!

பாலுக்கு வந்தவள் நறுக்கென்று கடித்தாள். கத்திவிட்டேன். விரலை விட்டுப் பார்த்தால் அரிசிமுனை மாதிரி. மேல் வரிசை. இடது பக்கம்.

கீழ்ப் பல்தானே முதலில் வரும்? டாக்டரைக் கேட்டேன். சிலருக்கு அப்படி என்றார். சிரிக்கும்போது பார்க்கிறேன். அப்படியே வரைந்த மாதிரி.

ஜூலை 15

மதனிடமிருந்து ஒரு செய்தி. "நந்து, பேர் போட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. நீ இன்னும் எடுக்கல."

நிறைய நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன்: "எல்லாம் உங்க நல்லதுக்குத்தாங்கண்ணா."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நங்கை கிட்டத்தட்ட மூன்று மாதமாக முறைப்பாக இருந்துவிட்டு, செவ்வாய்க்கிழமை பாப்பா பிறந்தநாளுக்கு வந்து கொலுசு போட்டார். நேற்று போன் செய்து, "பையன் செஞ்சது தப்புதான். ஆனா அவம் படம் நல்லாருக்குதாமா. வாரியா?" என்றார். முன்பே எடுத்து முடித்த காதல் படம், வெள்ளிக்கிழமை வந்திருக்கிறது. இன்று பகல் காட்சிக்குப் போனோம், நானும் நங்கையும் பாப்பாவும்.

பாதி அரங்கு காலி. இடைவேளைக்குப் பிறகு பெரிய காட்சி. அம்மா செத்துக் கிடக்கிறாள், அவள் காலைப் பிடித்துக்கொண்டு அவன் அழ வேண்டும். நன்றாகத்தான் நடித்தான். உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கே கண் கலங்கியது. வாயைத் திறந்து "அம்மா" என்று ஆரம்பித்தான்.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "எந்தப் பக்கம்ணா?"

அரங்கே வெடித்துச் சிரித்தது. அடங்குவதற்குள் இன்னொருவன் கத்தினான், மறுபடி சிரிப்பு. நங்கை "அட, கெரகம் புடிச்சவனுகளா" என்று ஆரம்பித்து, அடக்க முடியாமல் அவரும் குலுங்கினார். எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து மடியிலிருந்த பாப்பாவும் சிரித்தாள், அந்த ஒற்றைப் பல்லோடு.

திரையில் அவன் பெரிதாகத் தெரிந்தான். கண்ணில் நீர் கொட்டியது. வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை.

நங்கை என் பக்கம் திரும்பினார். பாப்பாவின் துண்டை எடுத்து, என் சிரிப்பை மூக்கு வரைக்கும் மூடிக்கொண்டேன்.